முடியில் ஒளித்த நெல்லும் ஏலத்தில் போன நிலமும்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் அமெரிக்கக் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் சில, உழவின் வழியாக ஆப்பிரிக்காவோடு விட்டுப்போன உறவைத் தேடுவதைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். வழக்கமாக சினிமா, அரசியல் கேள்விகள்தான் மூட்டையாக வரும், இந்த முறை பாதிக்கு மேல் இதைப் பற்றியே வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான். சினிமாக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் சாட்டையடிக்குப் பயந்து பருத்தி பறித்த அடிமைகளின் வழிவந்தவர்கள். அதில் “விவசாயப் பாரம்பரியம்” என்று பெருமைப்பட என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தப்பாக நினைக்கவில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் புத்தகங்களும் அப்படித்தானே சொல்லின, கப்பலில் வந்தது வெறும் உடல் உழைப்பு, அறிவெல்லாம் தோட்ட முதலாளியுடையது என்று.

தெற்குக் கரோலைனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1600களின் கடைசியில் அங்கே நெல் பயிராகத் தொடங்கியது, அடுத்த நூறு ஆண்டில் சார்ல்ஸ்டன் நகரத்துப் பணக்காரர்களின் மாளிகைகள் எல்லாம் அந்த நெல்லில்தான் எழும்பின. இங்கிலாந்திலிருந்து வந்த முதலாளிக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்? கோதுமைதான் தெரியும். ஆனால் செனகல், காம்பியா முதல் கினி, சியரா லியோன் வரையிலான கடலோரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். அந்தப் பகுதிக்கே நெல் கடற்கரை என்றுதான் பெயர். அங்கிருந்து பிடித்து வந்தவர்களை விற்கும்போது, ஊரைச் சொல்லி, நெல் தெரிந்தவர்கள் என்று சார்ல்ஸ்டனில் விளம்பரமே செய்தார்கள். சியரா லியோன் ஆற்றில் இருக்கும் பன்ஸ் தீவுக் கோட்டை இந்த வியாபாரத்துக்குப் பேர்போனது.

ஆப்பிரிக்காவில் நெல்லே தனி இனம். ஆசிய நெல்லுக்குச் சம்பந்தமில்லாமல், நைஜர் ஆற்றின் உள்நாட்டுச் சமவெளியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டுப் புல்லிலிருந்து அவர்களே பழக்கியெடுத்தது. உப்புநீர் ஏறும் சதுப்பில் கரை போட்டு, நடுவில் குடைந்த மரத்தண்டை மதகாகப் பதித்து, நல்ல தண்ணீரை உள்ளே விட்டு உப்பைக் கழுவி வெளியே தள்ளும் வித்தை கினிப் பகுதி மக்களுக்குக் கைவந்தது. கரோலைனா வயல்களிலும் ஆரம்பத்தில் மதகு என்பது குடைந்த அடிமரம்தான். பிற்பாடு பலகையில் பெரிய கதவு வைத்துச் செய்தபோதும் “டிரங்க்”, அதாவது அடிமரம், என்ற பெயர் மாறவே இல்லை. குதிகாலால் குழி போட்டு விதையைத் தள்ளிக் காலாலேயே மண்ணை மூடுவது, உரலில் குத்துவது, வட்டமான பின்னல் முறத்தில் புடைப்பது, எல்லாம் இரண்டு கரையிலும் ஒரே மாதிரி.

எல்லாவற்றையும் ஆப்பிரிக்கர்களே செய்தார்கள், முதலாளிகளுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் சில வரலாற்றாசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், அந்த விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை, பங்கு உண்டா என்பதில் அல்ல. பருத்தி பெரிதானது அதற்கு அப்புறம், 1790களுக்குப் பிறகு.

கேள்வி: பெண்கள் தலைமுடிப் பின்னலுக்குள் நெல்லை ஒளித்து வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. உண்மையா, கதையா? (இல்லத்தரசி)

இரண்டுக்கும் நடுவில். தென் அமெரிக்காவின் சுரிநாம், பிரெஞ்சு கயானா காடுகளில் மரூன் என்ற மக்கள் இருக்கிறார்கள், தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிக் காட்டுக்குள் ஊர் அமைத்துக்கொண்ட அடிமைகளின் சந்ததி. இந்தக் கதையை வாய்மொழியாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். நெல் ரகங்களுக்கே அந்த மூதாதைப் பெண்களின் பெயரை வைத்திருக்கிறார்கள், மா பன்சா என்ற பாட்டியின் பெயரில் ஒரு ரகம் உண்டு. ஆனால் கவனித்துக் கேட்டால் அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி, தோட்டத்திலிருந்து காட்டுக்கு ஓடும்போது முடியில் நெல்லை ஒளித்தது பற்றி. சங்கிலியில் கட்டி, மொட்டையடித்துக் கப்பலேற்றியவர்களில் எத்தனை பேருக்கு விதையை ஒளிக்க முடிந்திருக்கும்? எனக்குச் சந்தேகம்தான். அதைவிட எளிய வழி ஒன்று இருந்தது. கப்பல்காரர்கள் பயணச் சாப்பாட்டுக்கு ஆப்பிரிக்கக் கரையிலேயே நெல்லை மூட்டையாக வாங்கினார்கள், உமி நீக்காத நெல்லும் அதில் இருந்தது, அதைக் கப்பல் தளத்திலேயே பெண்களை விட்டுக் குத்த வைத்தார்கள். கரை சேர்ந்தபோது மூட்டையின் அடியில் மிஞ்சியது விதையாயிற்று.

அதற்காக மரூன் பாட்டிகளின் கதையை ஒதுக்கிவிட வேண்டாம். சுரிநாமில் மரூன்கள் முன்னோருக்குப் படைக்க வைத்திருந்த ஆப்பிரிக்க நெல்லின் மரபணுவை எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. மேற்கு ஐவரி கோஸ்ட்டில் விளையும் ஒரு நாட்டு ரகத்தோடுதான் அது மிக நெருக்கமாகப் பொருந்தியது. முந்நூறு வருடம் சாமிக்குப் படைத்துப் படைத்தே ஒரு விதையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவும் இங்கிலாந்தும் மோதிய 1812 போரில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து சண்டையிட்ட கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை கொடுத்து, டிரினிடாட் தீவின் தெற்கே மொருகா பக்கம் ஆளுக்கு 16 ஏக்கர் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். “மெரிக்கின்” என்று பெயர், அமெரிக்கன் தேய்ந்து வந்தது. அவர்கள் கொண்டுபோன மேட்டு நெல் ஜார்ஜியா, கரோலைனாவில் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 2016 கடைசியில் சார்ல்ஸ்டனைச் சேர்ந்த பி.ஜே. டென்னிஸ் என்ற சமையல் கலைஞர் டிரினிடாட் போனவர், அங்கே மலைச்சரிவில் அது நிற்பதைப் பார்த்தார். அதைக் கண்டுகொள்ள ஒரு சமையல்காரர் வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: சென்ற இதழில் நிலக்கடலை ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிர் என்று எழுதிவிட்டீர்கள். அது தென் அமெரிக்கப் பயிர். இப்படியெல்லாம் எழுதலாமா? (வேளாண் கல்லூரி மாணவி)

எழுதக்கூடாது. தலையில் குட்டிக்கொண்டேன். நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியர் கையில் ஆப்பிரிக்கா போய், அங்கே வீட்டுப் பயிராகி, பிறகு அடிமைக் கப்பலில் வட அமெரிக்கா வந்தது. அமெரிக்கத் தெற்கில் அதற்கு “கூபர்” என்று ஒரு பெயர் உண்டு, காங்கோ பக்கத்து “ங்குபா” என்ற சொல்லிலிருந்து வந்தது. பயிர் அவர்களுடையது இல்லை, பெயர் அவர்களுடையது. நான் பெயரைப் பார்த்துப் பிறந்த ஊரைத் தீர்மானித்துவிட்டேன்.

எள்ளிலும் இதே மாதிரி வழுக்கும், அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தெற்குக் கரோலைனாவில் எள்ளுக்கு “பென்னே” என்று பெயர், அது மேற்கு ஆப்பிரிக்கச் சொல். ஆனால் எள் முதலில் பயிரானது இந்தியத் துணைக்கண்டத்தில்! வெண்டைக்காய்க் குழம்புக்கு லூசியானாவில் “கம்போ” என்பார்கள், அது அங்கோலா பக்கத்தில் வெண்டைக்காய்க்குச் சொல்லும் பெயரிலிருந்து வந்தது. காராமணி சந்தேகமே இல்லாமல் ஆப்பிரிக்கா. தர்ப்பூசணியும் சூடான் பக்கம்தான். நம் கம்பும், கேழ்வரகும், சோளமும்கூட ஆப்பிரிக்காவிலிருந்து பல ஆயிரம் ஆண்டு முன்பு இந்தப் பக்கம் வந்தவை என்பது உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: “நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்” என்று அடிக்கடி படிக்கிறேன். அது வெறும் சொலவடையா, உண்மையில் கொடுத்தார்களா?

கொடுத்தார்கள், பிடுங்கினார்கள். இரண்டும் ஒரே வருடத்தில்.

1865 ஜனவரி 12ஆம் தேதி ஜார்ஜியாவின் சவானா நகரத்தில், உள்நாட்டுப் போரில் வென்றுகொண்டிருந்த தளபதி ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும் இருபது கறுப்பினப் போதகர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், 67 வயது. பணம் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் தானே விலைக்கு வாங்கி விடுதலையானவர். அவர் பள்ளிக்கூடம் கேட்கவில்லை, ஓட்டுரிமையைக்கூட முதலில் கேட்கவில்லை. நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் நாங்களே உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார். நான்கே நாளில், 16ஆம் தேதி, உத்தரவு வந்தது. சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை கடலோரத் தீவுகளும் கைவிடப்பட்ட நெல் வயல்களும், குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. கழுதை உத்தரவில் கிடையாது, ராணுவத்திடம் உபரியாக இருந்தவற்றைக் கொடுத்தார்கள். சில மாதத்தில் சுமார் 40 ஆயிரம் பேர் குடியேறிப் பயிர் வைத்துவிட்டார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார், அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருடம் முடிவதற்குள்ளேயே நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். விளைந்து நின்ற வயலை விட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அதே முதலாளியிடம் கூலிக்கோ வாரத்துக்கோ உழ வேண்டும்.

கேள்வி: அப்படியானால் அவர்களுக்குச் சொந்த நிலமே இருந்ததில்லையா? இருந்தது என்றால் எங்கே போயிற்று? விவரமாக எழுதவும். (வழக்கறிஞர்)

இருந்தது. யாரும் கொடுக்காமலே வாங்கினார்கள். காசு சேர்த்து, கழுதை வாங்கி, சதுப்பும் மேடுமாக வெள்ளைக்காரர் வேண்டாமென்று விட்ட நிலமாகப் பார்த்து வாங்கி, 1910 வாக்கில் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் அவர்கள் பெயரில் இருந்தது. அடிமைத்தனம் முடிந்து 45 வருடம்தான் ஆகியிருந்தது! 1920 கணக்கெடுப்பில் கறுப்பின விவசாயிகள் சுமார் 9 லட்சத்து 25 ஆயிரம் பேர், நாட்டின் விவசாயிகளில் ஏழில் ஒருவர். 2022 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை. அதுவும், முன்பெல்லாம் ஒரு பண்ணைக்கு ஒருவரைத்தான் எண்ணினார்கள், இப்போது ஒரே பண்ணையில் மூன்று நான்கு பேரைக்கூட எண்ணுகிறார்கள், அப்படி எண்ணியும் இவ்வளவுதான்.

பருத்தியைத் தின்ற காய்வண்டு, வெள்ளைக்காரக் கும்பல்களின் கொலைக்குப் பயந்தும் வேலை தேடியும் வடக்கே போன பெரும் கூட்டம், இயந்திரம் வந்தது, இதெல்லாம் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வழக்கறிஞர் என்பதால் காகித வேலையைச் சொல்கிறேன்.

தாத்தா உயில் எழுதவில்லை. வெள்ளைக்கார நீதிபதியும் வெள்ளைக்கார வக்கீலும் இருக்கிற கோர்ட்டுக்குப் போய்த் தன் நிலத்தைப் பற்றி எழுதிக் கொடுக்க அவருக்குப் பயம், நியாயமான பயம். எழுதாமல் விட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கும், யாராலும் விற்க முடியாது என்றும் நம்பினார். நடந்தது நேர்மாறு. மூன்று தலைமுறையில் அந்த அறுபது ஏக்கருக்கு எண்பது வாரிசு, சிகாகோவில் ஒருவர், டெட்ராய்ட்டில் ஒருவர், நிலத்தைப் பார்த்தே இராதவர்கள் பாதி. யார் எந்தப் பாகம் என்று கிடையாது, பிரிக்கப்படாத பொதுப் பாகம். இதற்கு அங்கே “வாரிசுச் சொத்து” என்று பெயர். தூரத்தில் இருக்கும் ஒரு பேரனைத் தேடிப் பிடித்து, அவனுடைய பங்கைக் கொஞ்சம் காசுக்கு வாங்கிவிட்டால் போதும், ரியல் எஸ்டேட்காரர் பங்காளியாகிவிடுகிறார். பங்காளி என்பதால் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். இத்தனை பேருக்குத் துண்டு போட முடியாது என்று நீதிமன்றம் மொத்த நிலத்தையும் ஏலத்துக்கு விடும், கோர்ட் வாசலில் நடக்கும் ஏலத்தில் கையில் ரொக்கம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அங்கேயே பிறந்து உழுதுகொண்டிருந்த பெரியம்மா அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதில் சட்டத்தை மீறிய காரியம் எதுவும் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

பத்திரம் தெளிவாக இல்லாததால் வங்கிக் கடனும் கிடையாது, புயல் நிவாரணமும் சுலபத்தில் வராது, அரசு உதவித் திட்டங்களில் சேரத் தேவையான பண்ணை எண்கூட வாங்க முடியாமல் இருந்தது. 2018 விவசாயச் சட்டம்தான் மாற்று ஆவணங்களைக் காட்டி எண் வாங்க வழி செய்தது. தாமஸ் மிட்செல் என்ற சட்டப் பேராசிரியர் எழுதுவதில் முன்னின்ற மாதிரிச் சட்டம் ஒன்று 2010இல் வந்தது. அதன்படி பங்காளிகள் எல்லோருக்கும் முறையாக அறிவிக்க வேண்டும், விற்கக் கேட்பவரின் பங்கைச் சந்தை மதிப்பில் வாங்கிக்கொள்ள மற்றவர்களுக்கு முதல் வாய்ப்பு கொடுக்க வேண்டும், விற்றே ஆக வேண்டும் என்றாலும் கோர்ட் வாசலில் அல்ல, வெளிச்சந்தையில் நியாய விலைக்கு விற்க வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றிருக்கின்றன. நல்ல சட்டம், நூறு வருடம் தாமதம்.

அடுத்தது கடன். விவசாயத் துறையின் கடனை உள்ளூர் அலுவலகத்தில்தான் முடிவு செய்வார்கள், உள்ளூர் அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விதைக் கடன் விதைப்புக் காலம் முடிந்து கைக்கு வரும். புகார் எழுதலாம் என்றால், புகாரை விசாரிக்கும் பிரிவையே 1983இல் ரீகன் அரசு மூடிவிட்டது. 1997இல் வட கரோலைனா விவசாயி திமோதி பிக்ஃபோர்ட் மற்றவர்களோடு சேர்ந்து விவசாயத் துறை மீது வழக்குப் போட்டார், 1999இல் சமரசமானது, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 50 ஆயிரம் டாலர். காலக்கெடு தாண்டி மனுச் செய்த பல்லாயிரம் பேருக்காக 2010இல் இன்னொரு 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2021இல் கடன் தள்ளுபடி அறிவித்தார்கள், வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். அதை ரத்து செய்துவிட்டு, இனத்தைக் குறிப்பிடாமல் “பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு” என்று மாற்றி எழுதி, 2024 ஜூலையில் 43 ஆயிரம் பேருக்குச் சுமார் 200 கோடி டாலர் கொடுத்தார்கள். 50 ஆயிரம் டாலருக்கு டிராக்டர் வரும், போன நிலம் வராது.

கேள்வி: அண்ணா, இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஆப்பிரிக்காவில் நிலம் மலிவு. கானா அரசாங்கமே வாருங்கள் என்று கூப்பிடுகிறதே, போய் நூறு ஏக்கர் வாங்கி உழ வேண்டியதுதானே? (ஐடி ஊழியர்)

தம்பி, போகிறார்கள். 2019இல் கானா “திரும்பும் ஆண்டு” என்று அறிவித்தது, அடிமைகளின் முதல் கூட்டம் வர்ஜீனியாவில் இறங்கி 400 வருடம் ஆனதையொட்டி. 2024இல் பெனின் நாடு அடிமைகளின் சந்ததிக்குக் குடியுரிமை கொடுக்கவே சட்டம் போட்டது. நெஞ்சைத் தொடும் விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் நூறு ஏக்கர் “வாங்க” முடியாது. கானா அரசியல் சட்டப்படி வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் ஐம்பது வருடக் குத்தகைதான். நாட்டு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்காரிடமோ பத்திரத்திலோ இல்லை, ஊர்த்தலைவர்களிடமும் குலங்களிடமும் இருக்கிறது. தலைவரைப் பார்க்கப் போகும்போது ஷ்னாப்ஸ் சாராயப் புட்டி கொண்டுபோவது மரபு. இன்று அந்தக் “குடிக் காணிக்கை” என்ற பெயரிலேயே நிலத்தின் முழு விலையும் கைமாறுகிறது. ஒரே துண்டு நிலத்தை இரண்டு பேருக்குக் காட்டுவது அங்கேயும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருக்கிறது. வெறும் தரிசு என்று உங்களுக்குக் காட்டும் நிலம் பல நேரம் தரிசு அல்ல, மண் தேறட்டும் என்று சில வருடம் விட்டு வைத்திருப்பது, அதில் ஊர்ப் பெண்கள் கொழுப்பு எடுக்கும் ஷியா மரத்தின் கொட்டை பொறுக்குகிறார்கள், விறகு எடுக்கிறார்கள். பத்திரம் இல்லாத நிலத்திலிருந்து தாத்தாவைத் துரத்தியதைச் சொல்லி அழுகிறவர், பத்திரம் இல்லாத இன்னொரு பாட்டியை அங்கே துரத்தும்படி ஆகிவிடக் கூடாது.

கொஞ்சம் பழைய கதை. 1900 கடைசியில் அலபாமாவின் டஸ்கீகி கல்லூரியிலிருந்து நான்கு கறுப்பின இளைஞர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குக் கப்பலேறினார்கள். அடிமைகளின் பிள்ளைகள் ஆப்பிரிக்கச் சகோதரர்களுக்கு நவீன வேளாண்மை கற்றுத் தரப் போகிறார்கள் என்று ஊரே வழியனுப்பியது. கூப்பிட்டது யார் தெரியுமா? டோகோவை ஆண்ட ஜெர்மன்காரர்கள், தங்கள் நெசவாலைகளுக்கு மலிவாகப் பருத்தி வேண்டுமென்று. அங்கிருந்த எவே மக்கள் ஏற்கெனவே பருத்தியை மக்காச்சோளத்தோடும் வள்ளிக்கிழங்கோடும் ஊடுபயிராக வைத்துத் தாங்களே நெய்து உடுத்தியவர்கள்தான். ஏர் இழுக்கக் கொண்டுபோன மாடுகள் ட்செட்சே ஈ கடித்துச் செத்தன, மனிதர்களே இழுத்தார்கள். நால்வரில் ஜான் ராபின்சன் அங்கேயே தங்கி, நோட்சே ஊரில் பருத்திப் பள்ளி நடத்தி, 1909இல் ஆற்றில் மூழ்கிப் போனார். எவே விவசாயியைத் தனிப் பருத்திக்குள் தள்ளும் வேலை மட்டும் அதற்குள் நன்றாக நடந்துவிட்டது. நல்ல மனதோடு போனால் மட்டும் போதாது, யார் செலவில், யாருக்காகப் போகிறோம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் எந்த ஊர், எந்தக் குலம் என்று தெரிந்துவிடாதா?

எந்தப் பக்கம் என்று தோராயமாகச் சொல்லும், ஊர் சொல்லாது. காகிதத்தில் தேடினால் 1870இல் முட்டிக்கொண்டு நிற்கும், எல்லாக் கறுப்பினத்தவரையும் பெயர் சொல்லி எண்ணிய முதல் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளி பெயர் இருக்கும், கீழே “ஆண், 30” என்று இருக்கும், ஆடுமாடு எண்ணுவது போல.

கேள்வி: இப்போது யாராவது உருப்படியாக ஏதாவது செய்கிறார்களா, இல்லை பழங்கதை மட்டும்தானா? (கூட்டுறவுச் சங்கச் செயலாளர்)

உங்கள் துறையில்தான் நல்ல கதைகள் இருக்கின்றன. மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர், ஓட்டுரிமைக்குப் பதிந்ததற்காக 1962இல் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர். 1964இல் கினி நாட்டுக்கு ஒரு குழுவோடு போனார், விமானம் ஓட்டுவது முதல் அரசாங்கம் வரை எல்லா இடத்திலும் கறுப்பின மக்களே இருப்பதைப் பார்த்தது அவரை உலுக்கிவிட்டது. 1969இல் சன்ஃபிளவர் மாவட்டத்தில் நாற்பது ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். அதில் பன்றி வங்கி என்று ஒன்று. ஏழைக் குடும்பத்துக்குச் சினைப் பன்றி கொடுப்பார்கள், குட்டி போட்டதும் இரண்டு குட்டியை வங்கிக்குத் திருப்பிவிட வேண்டும், வட்டி கிடையாது. பணமும் நிர்வாகமும் போதாமல் சில வருடத்தில் பண்ணை நொடித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே 1969இல் ஜார்ஜியாவின் லீ மாவட்டத்தில் சார்ல்ஸ் ஷெராட், ஷர்லி ஷெராட் தம்பதியும் நண்பர்களும் 5,700 ஏக்கர் வாங்கி, யாரும் தனியாக விற்க முடியாதபடி அறக்கட்டளையாக வைத்தார்கள், “நியூ கம்யூனிட்டீஸ்” என்று பெயர். வறட்சி வந்தது, அவசரக் கடன் நேரத்துக்கு வரவில்லை, 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. ஆனால் அவர்களும் பிக்ஃபோர்ட் வழக்கில் மனுச் செய்திருந்தார்கள், 2009இல் 1.2 கோடி டாலர் கிடைத்தது, அதை வைத்து 2011இல் ஆல்பனி நகரத்துக்கு வெளியே 1,600 ஏக்கர் தோட்டம் ஒன்றை வாங்கினார்கள். ஒரு காலத்தில் ஜார்ஜியாவின் மிகப் பெரிய அடிமை முதலாளிகளில் ஒருவருடைய தோட்டம் அது. கடிதத்தைப் படித்ததும் உங்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

கேள்வி: மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள், அடுத்த மாதம் போகிறோம். நீங்கள் எழுதியதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போகலாம்? டிஸ்னி எல்லாம் போன தடவையே பார்த்தாயிற்று. (தம்பதி)

கடற்கரைக்குப் போங்கள், காரில் நாலைந்து மணி நேரம் ஆகும். சபேலோ என்று ஒரு தீவு, பாலம் கிடையாது, மெரிடியன் படகுத்துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும், அதற்கும் முன்கூட்டியே தீவுக்காரர் ஒருவரிடமோ சுற்றுலா ஏற்பாட்டிலோ சொல்லி வைத்திருக்க வேண்டும். இன்றைய கினியில் இருக்கும் டிம்போ ஊரிலிருந்து அடிமையாக வந்த பிலாலி முகமது என்ற இஸ்லாமியர் அங்கே வாழ்ந்தார், அரபியில் கைப்பட எழுதிய சில பக்கங்களை விட்டுப் போனார். 1930களில்கூட அந்தத் தீவுப் பாட்டிகள், தங்கள் பாட்டி அரிசிமாவில் இனிப்புக் கொழுக்கட்டை மாதிரி பிடித்துக் குழந்தைகளுக்கு “சரக்கா” என்று சொல்லிக் கொடுத்ததை நினைவு வைத்திருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் தர்மமாகக் கொடுக்கும் சதக்கா அது. சிவப்புக் காராமணி அங்கே இன்னும் விளைகிறது, கிடைத்தால் ஒரு கிலோ வாங்கி, சோற்றோடு சேர்த்து வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் ஹாரிஸ் நெக். அங்கே அமீலியா டாலி என்ற பெண் பாடிய ஐந்து வரிப் பாட்டு ஒன்றை 1930களின் தொடக்கத்தில் லொரென்சோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் பதிவு செய்தார். அர்த்தம் அவளுக்கே தெரியாது, பாட்டி சொல்லிக் கொடுத்தது. அது சியரா லியோனின் மெண்டே மொழி என்று தெரிந்தது. பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் அங்கே ஊர் ஊராகப் போட்டுக் காட்டியபோது, செனெஹூன் ங்கோலா என்ற கிராமத்தில் ஒரு பெண் கூடவே பாட ஆரம்பித்தாள். பெண்கள் பாடும் ஈமச் சடங்குப் பாட்டு. அவளுக்கும் பாட்டிதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்தக் கிராமத்துக்குப் போய் அவர்களோடு சேர்ந்து அதைப் பாடினார்.

ஆனால் ஹாரிஸ் நெக்கில் நீங்கள் ஊரைத் தேடினால் கிடைக்காது. 1942இல் போர் விமானத்தளம் வேண்டுமென்று அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, சில வார அவகாசம்தான் கொடுத்தது, பக்கத்து வெள்ளை உரிமையாளர்களைவிடக் குறைந்த விலை. போர் முடிந்ததும் திருப்பித் தரவில்லை. 1962 முதல் அது வனவிலங்குச் சரணாலயம். மரநாரைகள் கூடு கட்டும் குளம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். பழைய ஓடுபாதையின் தடம் இன்னும் தெரியும். பார்பர் ஆற்றுப் படகுத்துறைப் பக்கம் போனால் அந்த ஊர்க்காரர்களின் இடுகாடு இருக்கிறது, அதை மட்டும் எடுக்காமல் விட்டார்கள். கல்லறைக் கற்கள் சில கையால் செய்தவை. சாயங்காலத்துக்கு முன்பே போய்விடுங்கள், கொசு பிடுங்கிவிடும்.